எவரஸ்ட் கொலிஜுக்கு எதிரே புஹாரி நானா

பதுளைக் கடைத்தெருவில் புஹாரி நானா பீங்கான் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இந்த இருபது வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு தத்துவம்: குறை சொல்கிறவன் வாங்குவான், புகழ்கிறவன் போய்விடுவான். ஆயுள் முழுதும் நடந்தும் ஒரு தத்துவம்கூடக் கைக்குக் கிட்டாதவர்கள் ஏராளம். ஆகையால் இதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. அதிகமாக எண்ணவும் வேண்டியதில்லை.

தத்துவத்துக்கு ஆதாரம் தினமும் கடைக்குள் நடந்து வந்தது. தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரக் கடைசியில் ஹாலிஎலப் பக்கத்து பஸ்ஸிலிருந்து பெரியாயி இறங்குவாள். நேரே வந்து ஒரு கோப்பையை எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதருகே பிடித்துக் கேட்பாள்.

"என்ன மொதலாளி, வாய் கோணலா இருக்கு?"

"ஒங்கட வாய் நேராத்தானே இரிக்கி. குடிக்கலாம்."

"கைப்பிடியில வெரலு போகல. இதக் கொண்டுபோயி லயத்து வீட்டுல வச்சா சிரிப்பாங்க."

இப்படி அரை மணி நேரம் வைதுவிட்டு ஆறு கோப்பைகளையும் வைக்கோல் சுற்றி வாங்கிக்கொண்டு போவாள். அதே நேரத்தில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு கனவான் வருவார். "ஆஹா, என்ன மினுக்கம்! கண் கூசுதே!" என்பார். சாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கனவான் வாயைத் திறந்த உடனே புஹாரி நானா மேசைத் துணியை எடுத்து வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடுவார்.

தம் கல்யாணத்தையும் அவர் இந்த விதியை வைத்துத்தான் முடித்துக்கொண்டார். வெலிமடையில் ஒரு வீட்டில் "மாப்பிள்ளை தங்கம்" என்றார்கள். அந்தப் பக்கம் அவர் திரும்பவேயில்லை. ஸுபைராவின் தகப்பனார் மட்டும், "கடை சின்னது, நெத்தி பெரிசு, பேச்சும் கொஞ்சம் கூட" என்றார். இவர்கள் பெண் தரப்போகிறார்கள் என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. தந்தார்கள். ஆகவே விதி சரி. ஸுபைரா அந்த விதிக்குள் எப்படி இருந்தாள் என்று யாரும் அவளிடம் கேட்டதாகத் தகவல் இல்லை.

இப்படி நிம்மதியாக இருந்த மனிதருக்கு எதிர்க்கட்டடத்தின் மாடியில்தான் சோதனை ஆரம்பித்தது.

இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலம். கீழே கடைகளில் மெலமைன் தட்டுகளும் ஜப்பான் ரேடியோக்களும் வந்து இறங்கின. மேலே மாடிகளில் தனியார் கொலிஜுகள் வந்து இறங்கின. புஹாரி நானாவின் கடைக்கு நேர் எதிரே, புடைவைக் கடையின் மேல் மாடியில், 'எவரஸ்ட் கொலிஜ்' என்று பலகை தொங்கியது. கணக்கியல், இங்கிலீஷ், டைப்ரைட்டிங். பெயர்க் காரணம் அந்த மரப்படிதான் என்பது மாணவர்களின் முடிவு. படி அவ்வளவு செங்குத்து. பிடித்து ஏறுவதற்குச் சுவரோடு ஒரு கயிறும் கட்டியிருந்தார்கள்.

நானாவின் மகள் ஹம்ஸியா சாதாரண தரப் பரீட்சையில் கணக்கிலும் இங்கிலீஷிலும் தவறிவிட்டு, எவரஸ்ட் கொலிஜில் சேர்க்கச் சொல்லி டிசம்பரிலேயே கேட்டாள்.

"இந்த நாட்டுல படிப்பு ஓசி," என்றார் நானா. "ஓசியாக் குடுத்ததையே நீ எடுக்கல்ல. காசு குடுத்தா எடுப்பியா?"

"எடுப்பன் வாப்பா."

"பாப்பம்."

இந்தப் 'பாப்பம்' புஹாரி நானாவிடம் சாமானியமான சொல் அல்ல. கூரை ஒழுகுவதைப் பற்றி 'பாப்பம்' என்று அவர் சொல்லி நாலு மாரி போயிருந்தது. ஹம்ஸியாவுக்கு அது தெரியும்.

"ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லுங்க. பெப்ரவரி முடிய அவங்க ஆள் எடுக்க மாட்டாங்க. அடுத்த வருசம் எண்டா அதுக்குள்ள பண்டாரவளையில இருந்தோ எங்க இருந்தோ ஆரும் வந்து என்னைக் கேப்பாங்க. நீங்க அதுக்கும் பாப்பம் எண்டு சொல்ல மாட்டீங்க."

அது உண்மைதான். மகளின் பேச்சில் இருந்த உண்மை நானாவை உறுத்தியது. அவர் பொறுப்பில்லாத தகப்பன் அல்ல. காசு கொடுக்கத் தயங்கினாரே தவிர, கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. சரக்கு எப்படி என்று தெரியாமல் அவர் எதையும் வாங்குவதில்லை. அதற்கு வழி, வாங்கினவர்களைக் கேட்பது. வாங்கினவர்கள் தினமும் அவருடைய கடை வாசலுக்கு எதிரேதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

அதனால் பெப்ரவரி நடுவில் புஹாரி நானா விசாரணையை ஆரம்பித்தார். பின்னேரங்களில் மாணவர்களைக் கூப்பிட்டு, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்து, "காசுக்கு வாசியா தம்பி? குடுக்குற காசுக்குப் பெறுமதி இரிக்கா?" என்று கேட்டார்.

முதலில் அகப்பட்டவன் பலசரக்குக் கடைக்காரரின் மகன் ஸமீம்.

"என்ன நானா இப்பிடிக் கேக்குறீங்க! கொழும்புலகூட இப்பிடி ஒண்டு இல்ல. ஆறு மாசம் போனா வெள்ளக்காரனோட இங்கிலீசுலயே சண்டை புடிக்கலாம்."

நானாவின் முகம் விழுந்தது. "நீங்க எவ்வளவு நாள் போனீங்க?"

"மூணு கிழமை."

"பொறகு?"

"வயித்து வலி."

இரண்டாவது ஆள் சிவஞானம். கோப்பை தட்டும் பெரியாயியின் மகன். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து படித்தான். தாயின் காது அவனுக்கும் இருந்தது.

"உண்மையச் சொல்லணுமா நானா? டைப்ரைட்டர் மூணு இருக்குங்க. ஒன்னு ஓடாது. ஒன்னு ஓடும், ஆனா அதுமேல கொலிஜ நடத்துற பெரிய சேர் சோத்துப் பார்சல வச்சிருப்பாரு. மூணாவதுக்கு நாங்க அத்தன பேரும் வரிசை. கணக்கியல் சொல்லிக் குடுக்குற இப்றாஹீம் மாஸ்டர் எழுதிப் போடுறத நாங்க நிமிந்து பாக்குறதுக்குள்ள அழிச்சிருவாரு. அவரு பொறக்கையிலேயே டஸ்டரோட பொறந்தாரு போல."

"அப்ப காசு தண்டமா?"

"சுத்தத் தண்டம்ங்க."

மேலே மணி அடித்தது. சிவஞானம் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைக்கூடப் பிடிக்காமல் படியில் தாவி ஏறினான். புஹாரி நானா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் சந்தோஷமாக இருந்தார்.

மூன்றாவது, ஹம்ஸியாவோடு பள்ளியில் படித்த றமீலா. தாய்க்கு ஒரு பீங்கான் வாங்க வந்த இடத்தில், கேட்காமலே சொன்னாள்.

"பொம்பளப் புள்ளைகள் இரிக்கிற வாங்குக்குக் கால் ஒண்டு குறைவு நானா. நாலு பேரும் ஒண்டா மூச்சு விடணும். ஒராள் தும்மினா மத்த மூணு பேரும் கீழ. மழை வந்தா ஜன்னல் சாத்தாது. காசு மட்டும் மாசம் பொறக்க முந்திக் கேப்பாங்க."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"தங்கச்சியையும் சேக்கப் போறாங்க."

அன்றிரவு நானா சோற்றைப் பிசைந்துகொண்டே, "கொலிஜைப் பத்திப் படு மோசமாச் சொல்றாங்க," என்றார், திருப்தியாக.

ஹம்ஸியா அந்தத் திருப்தியைப் பார்க்கவில்லை. சொன்னதை மட்டும் கேட்டாள். மகள் செய்த தவறு அது. தகப்பனின் விதியை அவள் அறியாதவள் அல்ல. ஆனால் கோப்பைக்கு உள்ள விதி கொலிஜுக்கும் பொருந்தும் என்று எந்த மகள்தான் எண்ணுவாள்? அவள் மறுநாளே றமீலாவிடம் சொல்லி, றமீலா மற்ற எல்லாரிடமும் சொல்லி, எவரஸ்ட் கொலிஜ் முழுவதும் ஒரே தீர்மானத்துக்கு வந்தது.

அடுத்த வாரம் புஹாரி நானாவுக்கு நல்ல வாரமாக அமையவில்லை. யாரைக் கேட்டாலும் "அருமை" என்றார்கள். கேட்காதவர்களும் வாசலில் நின்று, "நல்ல கொலிஜ் நானா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் சிவஞானமே வந்து, கசாயம் குடிக்கிறவன் முகத்தோடு, "கொலிஜ் ரொம்ப... நல்லா இருக்குங்க" என்றான்.

"டைப்ரைட்டர்?"

"நல்லா இருக்குங்க."

"சோத்துப் பார்சல்?"

"அதுவும் நல்லா இருக்குங்க."

நானாவின் கை மேசைத் துணிக்குப் போயிற்று. ஒரு வாரத்துக்குள் இத்தனை பேர் ஒரு சரக்கைப் புகழ்கிறார்கள் என்றால் ஒரே அர்த்தம்தான்: எல்லாரும் வெளியேறப் போகிறார்கள், கொலிஜ் பூட்டப் போகிறது. வீட்டுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"வேணாம் புள்ள. அந்தக் கொலிஜ் சரிவராது."

"ஏன் வாப்பா?"

"எல்லாரும் நல்லது எண்டு சொல்றாங்க."

ஹம்ஸியா தாயைப் பார்த்தாள். ஸுபைரா சட்டியைப் பார்த்தாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் சொல்லச் சொன்ன," என்றாள். "றமீலாட்டச் சொல்லி நான்தான் எல்லாரையும் நல்லதாச் சொல்லச் சொன்ன. நீங்க மோசம் எண்டு சொன்னீங்களே."

புஹாரி நானா கோபப்பட்டிருக்கலாம். ஆனால் கோபத்தைவிடக் குழப்பம் பெரிதாக இருந்தது. முந்தின வாரத்துப் பேச்சு உண்மை, இந்த வாரத்துப் பேச்சு சொல்லிக்கொடுத்தது என்றால் விஷயம் சுலபம். ஆனால் ஒரு தரம் கலந்துவிட்ட சாக்கில் நல்ல அரிசியை எப்படிப் பொறுக்குவது? பெப்ரவரி முடிய ஐந்தாறு நாள்தான் இருந்தது.

மறுநாள் சிவஞானத்தை மறுபடி கூப்பிட்டார். இந்த முறை பிளேன்டீ இல்லை.

"தம்பி, ஒண்டு கேக்குறன். அவ்வளவு மோசம் எண்டா ஏன் ஓடி ஓடி ஏறுறீங்க?"

சிவஞானம் யோசிக்கவே இல்லை. "வேற எங்கங்க ஏறுறது? தோட்டத்துல பேரு பதிஞ்சா விடிய முந்திப் பேரு கூப்பிடுற பெரட்டுக்குப் போயி நிக்கணும். அதுல இருந்து வெளிய வர இந்தப் படி ஒன்னுதான் இருக்கு. கோணலோ மாணலோ, ஏறுறோம். எங்கம்மா ஒங்ககிட்ட வர்றாங்களே, அந்த மாதிரிதான்."

"அந்த மாதிரி எண்டா?"

"வேற பீங்கான் கடை எங்க நானா இருக்கு?"

அவன் போன பிறகும் புஹாரி நானா மேசைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைத்தெருவில் இன்னொரு பீங்கான் கடை உண்டு. ஆனால் அதில் மெலமைன்தான் அதிகம். பெரியாயி அத்தனை வருஷமும் அவருடைய கோப்பை நல்லது என்பதற்காக வாங்கவில்லை. கோப்பை வேண்டும் என்பதற்காக வாங்கினாள். குறை சொல்கிறவன் வாங்குவான் என்பது என்னவோ சரிதான். வாங்கப்போகிறவன் யார் என்று அது சொல்லும். பொருள் எப்படி என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. இருபது வருஷம் வியாபாரியாக இருந்தவருக்கு முதல் கேள்வி போதும். ஒரு தகப்பனுக்கு இரண்டாவது கேள்விதான் வேண்டியிருந்தது. அதற்கு அவரிடம் தத்துவம் இல்லை.

தத்துவம் இல்லாத இடத்தில் மனிதன் போய்த்தான் பார்க்க வேண்டும். புதன்கிழமை பகல் வகுப்புக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போவது என்று தீர்மானித்தார். சொல்லிவிட்டுப் போனால் எந்தக் கடையிலும் சரக்கு நன்றாகத்தான் இருக்கும்.

பகல் நேரம் அவருக்கு எப்போதும் வீட்டில்தான். லுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்தினால் சோறு, பிறகு பாய், பிறகு பின்னேரத்து அஸர் தொழுகை வரை உறக்கம். இந்த வருஷம் பிறந்ததிலிருந்து அந்தச் சோறு விசேஷமாகிவிட்டிருந்தது. ஒரு நாள் புளியாணம், ஒரு நாள் கத்தரிக்காய்ப் பால் கறி. உறக்கமும் அதற்கேற்ப நீண்டது. வீட்டு அதிர்ஷ்டம் என்று எண்ணி அவர் காரணம் கேட்கவில்லை.

புதன்கிழமை சாப்பிட்ட கையோடு எழுந்து சட்டையை மாட்டினார்.

"ஹம்ஸியாட வாப்பா, எங்க போற?" ஸுபைரா வாசலை மறித்தாள்.

"ஒரு வேலை."

"வட்டிலப்பம் செஞ்சிரிக்கி."

"புதன்கிழமையிலயா? இண்டைக்கிப் பெருநாளா?"

"செஞ்சா புதன்கிழமை வேணாம் எண்டு சொல்லுமா? இரிங்க, எடுத்துக்கொண்டு வாறன்."

நானா வட்டிலப்பத்தை விரும்பாதவர் அல்ல. ஒரு கணம் நின்றார். "வந்து தின்றன். ஹம்ஸியா எங்க?"

"எங்க? பகல்ல எப்பவும்போல அடுத்த தெரு நளீரா வீட்டுலதான். தையல் பழகுற."

எவரஸ்ட் கொலிஜின் கயிறு எத்தனையோ கைகள் பட்டு வழவழவென்றிருந்தது. நடுவில் மூச்சு வாங்க நின்றார். மேலே ஒரே ஒரு பெரிய அறை. ஜன்னல் சாத்தவில்லை, அது உண்மை. ஒரு டைப்ரைட்டரின் மேல் வாழையிலைப் பார்சல் இருந்தது, அதுவும் உண்மை. இப்றாஹீம் மாஸ்டர் கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் யார் வந்தாலும் போனாலும் அவருக்குத் தெரியாது. நானா கடைசி வாங்கின் ஓரத்தில் மெதுவாக அமர்ந்தார். பக்கத்திலிருந்த சிவஞானம் அவரைப் பார்த்துப் பேயைக் கண்டவன்போல ஆனான்.

"யந்திரம் வருசா வருசம் தேயும்," என்றார் மாஸ்டர் பலகையிடம். "அந்தத் தேய்மானத்தைச் செலவாக எழுத வேணும்." எழுதினார். அழித்தார்.

"சேர்."

முன் வாங்கில் ஒரு முக்காடு எழுந்து நின்றது. நானாவுக்கு அது தினமும் வீட்டில் கேட்கும் குரல்.

"சேர், ஆருக்கும் குடுக்காத காசை எப்படிச் செலவு எண்டு எழுதுற?"

"யந்திரம் வருசா வருசம் தேயும். அந்தத் தேய்மானத்தைச் செலவாக எழுத வேணும்."

"விளங்கல்ல சேர். இன்னொருக்காச் சொல்லுங்க."

வகுப்பு முழுவதும் முனகியது. "மணி அடிக்கப் போகுது தாயே, ஒக்காருங்க!" என்றான் ஒருவன். ஹம்ஸியா உட்காரவில்லை. மாஸ்டர் அதே வாக்கியத்தை மூன்றாம் முறை, இந்தத் தடவை சத்தமாக, சொன்னார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுங்கும் வாங்கில் மற்ற மூவரும் அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஹம்ஸியாவைப் பற்றி எந்த டீச்சரைக் கேட்டாலும் "அமைதியான பிள்ளை" என்பார்கள். நானா அதைக் கேட்டுப் பெருமைப்பட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார், ஒவ்வொரு வருஷமும்.

மணி அடித்தது. திரும்பிய மாணவர்கள் நானாவைக் கண்டதும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் ஹம்ஸியாவும் திரும்பினாள். மற்றவர்கள் வழக்கத்துக்கு விரோதமான மரியாதையோடு படியிறங்கிப் போனார்கள். தகப்பனும் மகளும் மாத்திரம் மீதியானார்கள்.

"எத்தன நாளா?"

"ஜனவரியில இருந்து."

"காசு?"

"உம்மாட சீட்டுக் காசு."

"அப்ப அந்தத் தையல்? நீ கொண்டுவந்து காட்டின தலையணை உறை?"

"நளீரா தைச்ச."

நானா அந்தத் தலையணை உறையைக் கடைத்தெருவில் இரண்டு பேரிடம் புகழ்ந்திருந்தார். அதை இப்போது சொல்லவில்லை. மனைவி, மகள், பெரியாயியின் மகன் என்று எல்லாரும் அறிந்த ஒன்றைப் பற்றி எதிரே உட்கார்ந்து தாம் மட்டும் விசாரணை நடத்தியது மெல்ல மெல்ல அவருக்கு விளங்கிக்கொண்டு வந்தது. கோபப்பட வேண்டிய இடம்தான். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படியை மறக்கச் செய்தாலும் கேட்பார் இல்லை. ஹம்ஸியாவும் அதை எதிர்பார்த்துத்தான் புத்தகங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீங்க பாப்பம் எண்டீங்க. நீங்க பாத்து முடியிற வரைக்கும் பாடம் நிக்காது வாப்பா."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். இங்கிருந்து பார்த்தால் தம் கடை சின்னதாகத்தான் இருந்தது. திரும்பி, யாரிடமும் இதுவரை கேட்காத குரலில் கேட்டார்.

"சரி. நீ சொல்லு. காசுக்கு வாசியா?"

ஹம்ஸியா புகழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "தெரியாது," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஸ்கூல்ல நான் ஒருநாளும் ஒரு கேள்வி கேக்கல்ல வாப்பா. கேட்டா 'ஒனக்கு மட்டுமா பள்ளிக்கூடம்' எண்டு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. இங்க கேக்கலாம். காசு குடுத்திரிக்கிறதால மாஸ்டர் கோவிக்க மாட்டார்."

"பதில் சொல்றாரா?"

"அதே பதிலத்தான் திரும்பத் திரும்பச் சொல்றார்."

விளங்காததைச் சத்தமாகச் சொல்லும் உரிமைக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பது நல்ல காரியமா என்பது பெரிய கேள்வி. புஹாரி நானா அவ்வளவு தூரம் போகவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு படிப் பக்கம் நடந்தார். ஹம்ஸியா பின்னால் வந்தாள். இறங்குவது ஏறுவதைவிட மோசமாக இருந்தது. பாதிப்படியில் நின்று, கயிற்றை இறுகப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"அந்த... குடுக்காத காசு. அது எப்படிச் செலவாகுற?"

"விளங்கல்ல வாப்பா."

"மூணு தரம் கேட்டியே?"

"மூணு தரமும் விளங்கல்ல."

புஹாரி நானா அடுத்த படியைக் காலால் துழாவிக் கண்டுபிடித்தார்.

"அப்ப நாளைக்கி இன்னொருக்காக் கேளு," என்றார்.